இன்கியுபேட்டர் பக்கத்தில் நிற்கும் அப்பாவுக்கு

கேள்வி (சிங்கப்பூர், ஈசூன் வாசகர் ஒருவர்): என் மனைவிக்கு இரத்த அழுத்தம் திடீரென ஏறியதால் 29ஆவது வாரத்திலேயே அறுவை சிகிச்சை செய்து பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை, 1,180 கிராம். இன்று நான்காம் நாள். மூக்கில் குழாய் வைத்து மூச்சுக்கு உதவுகிறார்கள். திரையில் ஆக்சிஜன் 91, 92 என்றே நிற்கிறது. அதை 100 ஆக்கக் கூடாதா என்று கேட்டால் தாதியர் வேண்டாம் என்கிறார்கள். அலாரம் அடிக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வருகிறது. எடையும் 1,075க்கு இறங்கிவிட்டது. மனைவிக்குப் பால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. ‘பால் இல்லை, பால்மாவு கொடுக்கச் சொல்லுங்கள்’ என்கிறார் தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் அத்தை. பிள்ளையை இன்னும் ஒருமுறைகூட நான் தூக்கவில்லை. நின்று பார்ப்பதைத் தவிர எனக்கு அங்கே வேலையே இல்லையா?

பதில்:

அன்புத் தம்பி, வேலை இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் அந்தத் திரையிலிருந்து உங்கள் கண்ணை எடுக்க வைத்தால்தான் அதற்கு உங்களுக்கு மனம் வரும். அதனால் 91இலிருந்தே தொடங்குகிறேன்.

திரையில் தெரிவது இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்பது. கூடுதல் ஆக்சிஜன் பெறும் குறைமாதப் பிள்ளைகளுக்கு 90, 91 முதல் 95 வரைதான் இலக்கு. அதற்கு மேலே போகாமல் பார்த்துக்கொள்வதும் சிகிச்சையின் ஒரு பகுதி. 29 வாரத்தில் கண்ணின் விழித்திரைக்கு இரத்தக்குழாய்கள் இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. அளவு மீறிய ஆக்சிஜன் பட்டால் அந்த வளர்ச்சி நின்றுபோய், பிறகு தாறுமாறாகக் கிளம்பிப் பார்வையையே பறிக்கக்கூடும். 1940, 50களில் இதை அறியாமல் இன்கியுபேட்டருக்குள் தாராளமாக ஆக்சிஜன் விட்டதால் உலகெங்கும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பார்வை இழந்தார்கள். உங்கள் மகளுக்கு 100 வேண்டாம் என்று தாதி சொல்வது அந்தப் பாடத்தினால்தான். கருப்பையில் இருந்தபோது அவளுடைய இரத்தத்தில் இருந்த ஆக்சிஜன் இதைவிடவும் குறைவு. அவளுக்கு 91 மூச்சுத்திணறல் அல்ல.

நீங்கள் கவனிக்க வேண்டிய எண் வேறொன்று. சிபேப் கருவியில், அதாவது மூக்கு வழியாக இடைவிடாமல் காற்றழுத்தம் தரும் அந்தக் கருவியில், இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அழுத்தம், பொதுவாக 5 முதல் 8 வரை. மற்றது கொடுக்கும் காற்றில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்பது. நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றில் 21. அங்கே 21 முதல் 25க்குள் வைத்தே திரையில் 91 கிடைத்தால் நுரையீரல் நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். அதே 91ஐத் தக்கவைக்க 30, 35, 40 என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தால்தான் மருத்துவர் யோசிப்பார். நுரையீரலின் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்திருக்க உதவும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் இந்த வாரத்தில் போதிய அளவு சுரந்திருக்காது. தேவைப்பட்டால் மெல்லிய குழாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் அதைச் செலுத்துவார்கள். பிறகொரு நாள் வெறும் 21இல் இருந்தபடியே திரையில் 98, 99 வந்தால் பயப்பட வேண்டாம். கூடுதல் ஆக்சிஜன் இல்லாதபோது அந்த உச்சவரம்புக்கு வேலையில்லை.

அலாரம் அடித்தால் முதலில் பிள்ளையைப் பாருங்கள், திரையை அப்புறம் பார்க்கலாம். உதடும் நாக்கும் இளஞ்சிவப்பாக இருக்கின்றனவா, மார்பு ஏறி இறங்குகிறதா? காலில் சுற்றியிருக்கும் சிவப்பு விளக்குப் பட்டை நழுவினாலும், அவள் காலை உதைத்தாலும் எண் சரியும். அப்போது திரையில் அலைக்கோடு கிறுக்கலாக இருக்கும். உண்மையாகவே மூச்சு நிற்பதும் உண்டு. மூச்சைத் தூண்டும் மூளைப்பகுதி இன்னும் முதிராததால் 20 விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சை மறந்துவிடுவார்கள். நாடித்துடிப்பும் 100க்குக் கீழே இறங்கும். தாதி சில விநாடிகள் காத்திருந்து பார்ப்பது அலட்சியம் அல்ல. அவளே மீண்டு வருகிறாளா என்று கவனிக்கிறார். வராவிட்டால் பாதத்தையோ முதுகையோ மெல்லத் தேய்ப்பார், அதற்கும் மசியாவிட்டால் முகமூடி வைத்துக் காற்று கொடுப்பார். இதற்காகத்தான் காஃபீன் மருந்து தருகிறார்கள். காப்பியில் இருக்கிறதே, அதேதான். காஃபீன் சிட்ரேட்டாக முதல் வேளை எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம், பிறகு நாளொன்றுக்கு 5 முதல் 10. ஏறக்குறைய 34 வாரத்தில் இந்த மறதி குறைந்துவிடும். ஒன்று மட்டும் மனத்தில் வையுங்கள்: நேற்று மூன்று முறை நின்றது இன்று பத்து முறை நின்றால் அது வேறு விஷயம். கிருமித்தொற்றோ குடல் கோளாறோ முதலில் இப்படித்தான் தலைகாட்டும். காலையில் மருத்துவர் சுற்றி வரும்போது நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான்: நேற்று எத்தனை முறை, தானாக மீண்டாளா, தட்டி எழுப்ப வேண்டியிருந்ததா?

இனிப் பால். இங்கேதான் உங்கள் குடும்பத்தின் முழு உழைப்பும் வேண்டும்.

அத்தையின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். இந்த நாட்களில் உங்கள் மகளின் வயிற்றுக்குக் கொடுப்பது எடையில் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிலிட்டர், அதுவும் ஒரு முழு நாளைக்கு. அவளுக்கு அது 12 முதல் 24 மில்லி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று பிரித்தால் வேளைக்கு 1 அல்லது 2 மில்லி. உங்கள் மனைவிக்கு வரும் சொட்டுகள் ஏறக்குறைய இந்த அளவுக்குத்தானே இருக்கின்றன? பசியாற்றும் வேலையை இப்போது நரம்பு வழியாக ஏறும் சத்துநீர் பார்த்துக்கொள்கிறது. சர்க்கரை, அமினோ அமிலம், கொழுப்பு எல்லாம் அதில் உண்டு. வயிற்றுக்குப் போகும் இந்தச் சொட்டுகள் குடலைப் பழக்குவதற்கானவை. முதல் நாட்களின் சீம்பாலில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்திருக்கும். குறைமாதப் பிள்ளைகளுக்கு நாங்கள் மிகவும் அஞ்சும் நோய்களில் ஒன்று குடல் அழுகல். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளைவிடப் பால்மாவு குடிக்கும் பிள்ளைகளுக்கு அது அதிகம் வருகிறது. அதனால் தாயின் பால் பற்றாதபோது அடுத்த தேர்வு, பால்மாவுக்கு முன், கொடையாகக் கிடைத்த தாய்ப்பால். சிங்கப்பூரின் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் 2017இல் இதற்கான தாய்ப்பால் வங்கி தொடங்கியது. கொடையாளித் தாய்மாரைப் பரிசோதித்து, பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கிக் கிருமி நீக்கித்தான் கொடுப்பார்கள். மருத்துவர் ஒப்புதல் கேட்டால் தயங்காதீர்கள். இருந்தாலும் சூடாக்கும்போது சில நல்ல பொருள்கள் குறைந்துவிடும். பெற்றவளின் பாலுக்கு அது முழு ஈடு ஆகாது.

உங்கள் மனைவி 24 மணி நேரத்தில் 8 முதல் 10 முறை பால் எடுக்க வேண்டும். இரவிலும் ஒருமுறையாவது எழ வேண்டும். இடைவெளி 5 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. முதல் இரண்டு வாரத்தில் மார்பு எத்தனை முறை காலியாகிறதோ அதை வைத்துத்தான் பிறகு சுரக்கும் அளவு அமையும். ‘வந்த பிறகு பம்ப் செய்கிறேன்’ என்று காத்திருந்த தாய்மாருக்குத்தான் மூன்றாம் வாரத்தில் பால் வற்றுகிறது. குறைமாதப் பிரசவம், அறுவை, இரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்தால் பால் இறங்க ஓரிரு நாள் தாமதம் ஆகலாம். அது அவருடைய குறை அல்ல. இரண்டாம் வாரக் கடைசியில் நாளுக்கு 500 மில்லிக்கு மேல் வந்தால் நல்ல நிலை.

சீம்பால் கெட்டியானது. பம்பின் குழாயிலேயே ஒட்டி வீணாகிவிடும் என்பதால் முதல் நாட்களில் கையால் எடுப்பதே மேல். காம்பிலிருந்து 2, 3 சென்டிமீட்டர் பின்னால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதிரெதிரே வரும்படி வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்துப் பிழிந்து, விட வேண்டும். தோலின் மேல் வழுக்கக் கூடாது. சொட்டை 1 மில்லி சிரிஞ்சில் உறிஞ்சிப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். அந்தக் கை உங்களுடையது. கையால் எடுத்த கையோடு இரட்டைப் பம்பில் 15 நிமிடம். மருத்துவமனைகளில் இருக்கும் பெரிய பம்பை வாடகைக்கும் எடுக்கலாம். வலிக்கிறது, காம்பு வெளுக்கிறது என்றால் பம்பில் மார்போடு பொருத்தும் புனலின் அளவு சரியில்லை. பல பம்புகளோடு 24 மில்லிமீட்டர் புனல்தான் வருகிறது, அது எல்லாருக்கும் சரியாக இருக்காது. பாலூட்டும் ஆலோசகரிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அறுவைப் புண் வலியை அவர் பொறுத்துக்கொண்டு இருக்கவும் கூடாது. வலி, பால் இறங்குவதைத் தடுக்கும். நேரத்துக்கு மாத்திரை போடட்டும்.

எடுத்த ஒவ்வொரு சிரிஞ்சிலும் பிள்ளையின் பெயர்ச்சீட்டு, தேதி, எடுத்த நேரம். உடனே குளிர்பதனப்பெட்டியில் 4 டிகிரியில் வையுங்கள், கதவுத் தட்டில் அல்ல, உள்பக்கம். 24 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் உறைய வைத்துவிடுங்கள். கேகே என்றால், ஈசூனிலிருந்து வடக்கு தெற்குப் பாதையில் நியூட்டன் வந்து, டௌன்டவுன் பாதைக்கு மாறினால் அடுத்த நிலையமே லிட்டில் இந்தியா. அந்தப் பயணத்துக்குக் குளிர்காப்புப் பையும் உறைந்த ஜெல் பொதிகளும் போதும். உறைந்த பாலோடு மட்டும் ஐஸ்கட்டி போடாதீர்கள். கரையும் ஐஸ் பூஜ்ய டிகிரியில் நிற்கும், உறைந்த பால் அதைவிடக் குளிர்ந்தது, ஐஸ்பட்டால் உருகத் தொடங்கிவிடும். பம்பின் பாகங்களைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போடாமல் தனிச் சட்டியில் சோப்பு வெந்நீரில் கழுவி, நீராவியில் கிருமி நீக்கி, காற்றில் உலர விடுங்கள். பாத்திரம் தேய்க்கும் பஞ்சு அதன் பக்கமே போகக் கூடாது.

இந்த வேலையை அத்தையிடம் மனமாரக் கொடுங்கள். மூன்று மணிக்கொருமுறை உங்கள் மனைவியை எழுப்பி உட்காரவைத்து, பாகங்களைக் கழுவி வைப்பதைவிடப் பெரிய உதவி இப்போது இல்லை. பத்தியச் சமையலில் மீன், பூண்டு, முருங்கைக்கீரை எல்லாம் நல்லதுதான். தண்ணீரைக் குறைப்பது மட்டும் வேண்டாம். தாகத்துக்குத் தாராளமாகக் குடிக்கட்டும். இரத்த அழுத்த மாத்திரையைப் ‘பாலில் கலக்கும்’ என்று நிறுத்தவே கூடாது. பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மாத்திரைகள் இருக்கின்றன, மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். இதையும் சொல்லிவிடுகிறேன்: கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, மூச்சிரைப்பு இவற்றில் எது வந்தாலும், பிள்ளை பிறந்த பிறகுதானே என்று இருக்காமல் உடனே அவரை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். பிரசவத்துக்குப் பின்னும் அந்த இரத்த அழுத்த நோய் முற்றலாம். பிள்ளையைப் பற்றிய கவலையில் தாயை மறந்துவிடும் வீடுகள் உண்டு.

எடை குறைவதில் அச்சப்பட ஒன்றுமில்லை. 1,180இலிருந்து 1,075 என்றால் 9 சதவீதம். முதல் வாரத்தில் உடலில் இருந்த உபரி நீர் வெளியேறுவதால் 10 சதவீதம், சில பிள்ளைகளுக்கு 15 வரைகூட இறங்கும். பிறந்த எடையைத் திரும்பத் தொடுவது 10 முதல் 14 நாளில். பிறகு நாளுக்கு 20 கிராம் அளவில் ஏறும். பாலின் அளவையும் தாங்கும் சக்தியைப் பார்த்துக் கிலோவுக்கு 20, 30 மில்லி என்று நாள்தோறும் கூட்டி, 150, 160 வரை கொண்டுவருவார்கள். நடுவில் வயிறு உப்பினாலோ, குழாயில் பச்சை நிறப் பித்தம் வந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ பாலை நிறுத்திப் பார்ப்பார்கள். ஒரு வேளை நிறுத்தியதைக் கேட்டுவிட்டு, பால்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த நேரத்திலும் மனைவி பால் எடுப்பதை விடக் கூடாது.

மஞ்சள் காமாலைக்கு நீலவிளக்கு போட்டிருப்பார்கள், அல்லது நாளை போடுவார்கள். குறைமாதப் பிள்ளைக்கு அதைத் தொடங்கும் அளவே குறைவு, நோய் முற்றியதால் அல்ல. சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். முடிவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குறைபாடு இருந்தால் அந்துருண்டை ஆகாது. முடிவு எப்படி இருந்தாலும், பெட்டியில் அந்துருண்டை போட்டுப் பல வருடம் வைத்திருந்த பழைய புடவைத் துணியைப் பிள்ளைக்கு விரிக்க வேண்டாம் என்று அத்தையிடம் இப்போதே சொல்லிவையுங்கள். சேனை, தேன், வசம்பு, சர்க்கரைத் தண்ணீர், விளக்கெண்ணெய், எதுவும் பிள்ளையின் வாயில் படக் கூடாது. விபூதியோ தாயத்தோ வைக்க வேண்டும் என்று அவர் விரும்பினால், மூடிய பிளாஸ்டிக் பையில் போட்டு இன்கியுபேட்டருக்கு வெளியே வைக்கலாமா என்று தாதியிடம் கேளுங்கள்.

பிறந்தவுடன் ஏன் தூக்க விடவில்லை? முதல் 72 மணி நேரத்தில்தான் மூளைக்குள் இரத்தம் கசியும் வாய்ப்பு அதிகம். அங்கிருக்கும் இரத்தக்குழாய்கள் அவ்வளவு மெல்லியவை. இரத்த அழுத்தம் திடீரென ஏறி இறங்கினால் தாங்காது. அதனால்தான் தலையை நேராக வைத்து, தொடுவதையே குறைத்து வைத்திருந்தார்கள். தலைக்கான ஸ்கேன் எடுத்தார்களா, என்ன தெரிந்தது என்று கேளுங்கள். கசிவு நான்கு நிலைகளாகச் சொல்லப்படும். முதல் இரண்டு நிலைகள் பெரும்பாலும் தானே சரியாகும். கண் பரிசோதனை பிறந்து நான்காவது வாரவாக்கில் வரும், அதைத் தவறவிடக் கூடாது.

வீட்டுக்குப் போகும் நாளை எடை மட்டும் முடிவு செய்யாது. உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடுவதை ஒன்றிணைக்கும் திறன் 34 வாரத்தை ஒட்டித்தான் வரும். வாயால் குடித்து, திறந்த தொட்டிலில் சூட்டைக் காத்து, பல நாள் தொடர்ந்து மூச்சு நிற்காமல் இருந்தால் அனுப்புவார்கள். பெரும்பாலும் 36, 37 வாரத்தில். அதாவது இன்னும் ஏழெட்டு வாரம். உங்கள் விடுப்பை இந்தக் கணக்கோடு போடுங்கள். பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகளாக இருந்து, மற்ற தகுதிகளும் பொருந்தினால், 2025 ஏப்ரல் 1 முதல் பிறந்த பிள்ளைகளின் தந்தையருக்குச் சம்பளத்தோடு 4 வாரம் உண்டு. முதலாளி ஒத்துக்கொண்டால் 12 மாதத்துக்குள் பிரித்து எடுக்கலாம். எல்லாவற்றையும் இப்போதே செலவழிக்காமல் பாதியையாவது பிள்ளை வீட்டுக்கு வரும் வாரத்துக்கு வையுங்கள். பிறப்பை 42 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், லைஃப்எஸ்ஜி என்ற அரசாங்கச் செயலி வழியாகவே செய்யலாம். குடிமக்களுக்குப் பிறந்த நாளிலிருந்தே மெடிஷீல்டு லைஃப் என்ற அரசாங்க மருத்துவக் காப்புறுதி உண்டு; கட்டணம் பற்றிய கவலையை மருத்துவச் சமூக ஊழியரிடம் இந்த வாரமே சொல்லுங்கள், கடைசி ரசீதுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இனி உங்கள் கைகள். மோதிரம், கடிகாரம், மணிக்கட்டுக் கயிறு எல்லாம் கழற்றி, முழங்கை வரை கழுவுங்கள். கைப்பேசியைத் துடைக்காமல் தொட்டால் கழுவியது வீண். கையைச் சூடாக்கிக்கொண்டு சன்னல் வழியே உள்ளே நீட்டி, ஒரு உள்ளங்கையை அவள் தலைமேல் தொப்பி போல் வையுங்கள். மற்ற கையால் மடங்கிய கால்களை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொள்ளுங்கள். வருடாதீர்கள். மெல்லிய வருடல் இந்த வயதுத் தோலுக்குத் தொந்தரவு. அசையாத கனமான கைதான் கருப்பையின் சுவர் போல இருக்கும். விரல்களை விரித்து உள்ளங்கையைக் காட்டினாலோ, விக்கல் எடுத்தாலோ, முதுகை வளைத்தாலோ போதும் என்கிறாள். அப்போது ஒரு கையை மட்டும் மெல்ல எடுத்து, சற்று பொறுத்து மற்றதை எடுங்கள். மெதுவான குரலில் பேசலாம், தமிழில்தான். இன்கியுபேட்டரின் மேல் தண்ணீர்ப் போத்தல் வைப்பதோ விரலால் தட்டுவதோ வேண்டாம். உள்ளே அது இடி.

நாளை மருத்துவரிடம் கங்காரு பராமரிப்பு பற்றிக் கேளுங்கள். வெறும் மார்பில், தோலோடு தோலாகப் பிள்ளையைச் சாய்த்து வைப்பது. இன்கியுபேட்டர்கள் போதாத கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978இல் தொடங்கிய முறை. 2022இல் உலகச் சுகாதார நிறுவனம், குறைமாதப் பிள்ளைகளுக்குப் பிறந்தவுடனேயே தொடங்கி நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் செய்யலாம் என்று பரிந்துரைத்தது. சிபேப்பில் இருக்கும் பிள்ளைக்கும் செய்யலாம். தொப்புளில் குழாய் இருக்கும்வரை சில மருத்துவர்கள் பொறுக்கச் சொல்வார்கள், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். அம்மா இன்னும் நடக்கச் சிரமப்பட்டால் முதல் முறை நீங்களே செய்யலாம். அப்பாவின் மார்புச் சூடும் பிள்ளைக்குப் போதும். இடம் மாற்றுவதே அவளுக்குக் களைப்பு என்பதால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் உட்கார வேண்டும். சாப்பிட்டுவிட்டு, கழிவறை போய்விட்டு வாருங்கள். காலையில் குளித்திருக்க வேண்டும், ஆனால் அத்தர், பவுடர், நறுமண எண்ணெய் எதுவும் பூசக் கூடாது. முன்பக்கம் முழுதும் பொத்தான் உள்ள பருத்திச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். சளியோ இருமலோ இருந்தால் அன்றைக்கு வேண்டாம்.